கரையாத மண்கட்டி

எனக்குச் சும்மா இருக்க வராது. பஸ்ஸுக்கு நில் என்றால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிக்கொண்டு போகும். நன்றாக ஓடுகிற சைக்கிளைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விடுவேன், அதற்கப்புறம் அது கிறீச்சிடும். என் மனைவி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், "ஒங்க கையில முள்ளு மொளச்சிருக்குது" என்று. நான் சிரித்துக்கொள்வேன். அந்தக் கை ஒரு ஏக்கர் மண்ணை என்ன செய்தது என்று பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் ப்யூஸ் கட்டையும் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு மண் கரைக்கிற வேலை. களிமண் லோடு வந்து இறங்கியதும் ஒரு கட்டியைக் காயவைத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுவேன். போட்ட மாத்திரத்தில் பொலபொலவென்று உதிர்ந்து மாவாக அடியில் இறங்கினால் நல்ல மண். கட்டி கட்டியாகவே உட்கார்ந்திருந்தால் ஆகாத மண். வேரும் சருகும் மக்கிக் கலந்த மண்ணும் ஆகாது, சூளையில் நாறும், உள்ளே கருப்படிக்கும். பதினைந்து வருஷம் இதைத்தான் செய்தேன். மண்ணைப் பற்றி எனக்கு இனி யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம் என்கிற திமிர் இருந்தது.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் பட்டறையில் வேலை குறைந்து வாரத்துக்கு மூன்று நாள் என்று ஆனது. மீதி நாலு நாள் வீட்டில் உட்காருவது எனக்கு ஜெயில். மங்கலம்பேட்டை போகிற வழியில் என் மனைவிக்கு அவள் அப்பா எழுதிவைத்த ஒரு ஏக்கர் செம்மண் நிலம் இருந்தது. அவளுடைய அண்ணன்தான் அதில் மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்தார். நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். மச்சான் அசைந்து கொடுக்காத மனிதர். ஒரு உழவு ஓட்டுவார், கட்டி கட்டியாகக் கிடக்கும், பழைய கொடியும் தட்டையும் அப்படியே கிடக்கும், அதிலேயே விதைப்பார். பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னிடம் கொடு, என்னிடம் கொடு என்று மனைவியை நச்சரித்தேன்.

ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தா பாருங்க. ஒரு போகம் தரேன். நல்லா மொளச்சி வந்துச்சின்னா நெலத்த நீங்களே பாத்துக்குங்க. வரலைன்னா திரும்ப அண்ணன் கிட்டயே வுட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். எனக்கு அந்த நிலம் வேண்டும். வேறு எதையும் நான் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

அப்போதுதான் எங்கள் பக்கம் டிராக்டரில் மாட்டுகிற ரோட்டவேட்டர் வந்திருந்தது. கத்திகள் சுழன்று மண்ணை மாவாக்கிவிடும். தட்டையையும் கொடியையும் வாரி ஒரு மூலையில் குவித்துக் கொளுத்தினேன். பிறகு ஓட்டச் சொன்னேன். ஒரு தடவை, ரெண்டு தடவை. ஒரு கட்டிகூடக் கண்ணில் படக் கூடாது எனக்கு. ஐந்தாவது தடவை திருப்பும்போது டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"என்னாண்ண, கோலமாவு எடுக்கப் போறியா?"

"நீ ஓட்டுடா."

மச்சான் வரப்பில் நின்று பார்த்தார். "போதும் மாப்ள. கட்டி கெடந்தா கெடக்கட்டும்" என்றார்.

"ஒங்க சோம்பேறித்தனத்த எங்கிட்ட காட்டாதீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கை மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து, நனைத்து உருட்டிக் காயவைத்தேன். மறுநாள் மனைவி முன்னால் டம்ளரில் போட்டேன். விழுந்ததும் கரைந்து தண்ணீர் சிவந்துபோனது.

"பாத்தியா? மொதல் தரம்!"

"அதுல என்னா, பொம்மை செய்யவா போறீங்க?" என்றாள். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

விதைப் பருப்பை அவளே ஒரு வாரம் உட்கார்ந்து கையால் உடைத்தாள். மெஷினில் கொடுத்தால் தோல் உரிந்துவிடும், முளைக்காது என்பாள். கட்டைவிரல் புண்ணாகித் துணி சுற்றிக்கொண்டு உடைத்தாள். ஆடியில் விதைத்தோம். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ரெண்டு மணி நேரம் சாட்டையால் அடிக்கிற மாதிரி அடித்தது. எனக்கு ஒரே குஷி. மறுநாள் வெயில் வந்தது, அதற்கு மறுநாளும் வெயில், சுள்ளென்று.

ஆறாம் நாள் போனேன், ஒன்றுமில்லை. ஏழாம் நாள் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சைக்கிளை நிறுத்தக்கூட மனசில்லாமல் வயலோரத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். சோறு இறங்கவில்லை. பட்டறையில் கரைசலில் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டுத் திட்டு வாங்கினேன். எட்டாம் நாள் வயலுக்குள் இறங்கிக் குதிகாலால் தட்டிப் பார்த்தேன். டக்கென்று சத்தம் வந்தது. மாவாக இருந்த மண் மழையில் கரைந்து, வெயிலில் காய்ந்து, வயல் முழுக்க ஒரே பொருக்காக இறுகிக் கிடந்தது.

ஒரு சில்லைப் பெயர்த்தேன். அடியில் முளை இருந்தது. மேலே வர வழியில்லாமல் தடித்து, வளைந்து, வெள்ளை வெளேரென்று பக்கவாட்டில் தேடிக்கொண்டு போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளும் வந்தாள். ரெண்டு பேரும் குந்தி உட்கார்ந்து விரலால் பொருக்கைப் பெயர்த்தோம். பெயர்க்கும்போதே முளை ஒடிந்தது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தோம், அது அரை மணியில் காய்ந்தது. நாலு நாள் அந்தப் பாடு. சாலுக்கு ஏழெட்டுச் செடி தேறியிருக்கும். பன்னிரண்டாம் நாள் அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"அண்ணன் கிட்ட சொல்லிட்டு வரேன்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியாவது ஆறியிருப்பேன்.

எனக்கு ஆறவே இல்லை. மண்தான் ஏமாற்றிவிட்டது என்று நினைத்து, ஏர் படாத வரப்பிலிருந்து ஒரு கட்டியும் வயலிலிருந்து ஒரு கட்டியும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ரெண்டு டம்ளரில் போட்டேன். வயல் கட்டி கண்ணெதிரே கரைந்தது. வரப்புக் கட்டி நாலு குமிழி விட்டது, அப்படியே உட்கார்ந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தேன், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எங்கள் பட்டறைக் கணக்கில் அது ஆகாத மண். அந்த டம்ளரைத் தூக்கி எறியலாம்போல் கோபம் வந்தது.

விடவில்லை நான். ரெண்டு மண்ணையும் நன்றாகக் காயவைத்து, ஒரே எடை எடுத்து, சூளையின் ஓரத்தில் வைத்துச் சுட்டேன். வெளியே எடுத்துத் தராசில் போட்டபோது வரப்பு மண்தான் அதிகம் எடை இழந்திருந்தது. எரிந்து போக அதில் ஏதோ இருந்திருக்கிறது. வேர், சருகு, சாணம் எல்லாம் வருஷக்கணக்காக மக்கிச் சேர்ந்த கரி. வயல் மண்ணில் எரிய அவ்வளவு இல்லை. பிற்பாடு ஒரு விவசாயிகள் கூட்டத்தில், அந்த மக்குதான் மண்ணைப் பசை மாதிரி பிடித்துவைக்கிறது என்றார்கள். உழ உழ உள்ளே காற்றுப் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதைத் தின்று தீர்க்க, கரி காற்றோடு போய்விடுமாம். நான் தட்டையைக் கொளுத்தியது ஒரு மூலையில்தான். மீதி நிலம் முழுவதையும் தீக்குச்சி இல்லாமலே கொளுத்தியிருக்கிறேன்.

மச்சானிடம் ஓடினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "ஒரு உழவுக்கு மேல ஓட்டாதீங்க மச்சான். கொடியெல்லாம் அப்படியே கெடக்கட்டும்" என்றேன்.

"நான் எப்பவும் அப்படித்தானே செய்யுறேன் மாப்ள. ஒங்கள மாதிரி எனக்குத் தெம்பு ஏது?" என்று சிரித்தார்.

பட்டறையில் நான் கண்டதையெல்லாம் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வருஷம் அவளிடம் மெதுவாக நிலத்துப் பேச்சை எடுத்தேன். அவள் வயலிலிருந்து ஒரு கட்டியைக் கொண்டுவந்து டம்ளரில் போட்டாள். "இது கரையாம நிக்கிற அன்னிக்கித் தரேன்" என்றாள். கரைந்தது. அதற்கடுத்த வருஷம் பாதி கரைந்தது. அந்த வருஷங்களில் நான் வரப்பில் போய் உட்காருவேன், ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. மூன்றாம் வருஷம் கொஞ்சம்தான் உதிர்ந்தது.

நாலாம் வருஷம் காலையில் போட்டுவிட்டு நான் பட்டறைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது கட்டி அப்படியே இருந்தது. மனைவி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"நாளைக்கே அண்ணன் கிட்ட சொல்லிடுறேன். நீங்க பாத்துக்குங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் எந்த மூலையிலிருந்து டிராக்டரை இறக்கலாம், மேற்குப் பக்கத்து மேட்டை எப்படி வெட்டிச் சமன்செய்யலாம் என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. செருப்பில் காலைக்கூட நுழைத்துவிட்டேன். அப்போதுதான் அந்த டம்ளரைத் திரும்பப் பார்த்தேன். என் கை படாத நாலு வருஷத்தில் சேர்ந்த கட்டி அது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"வேணாம். அண்ணனே பாக்கட்டும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"களை எடுக்கவாவது வாங்க" என்றாள்.

அந்த ஆடியில் போனேன். மல்லாட்டை சால் பிசகாமல் முளைத்திருந்தது. வயலில் இறங்குவதற்கு முன்னால் என் கையிலிருந்த களைக்கொத்தை அவள் வாங்கி வரப்பில் வைத்துவிட்டாள். வெறும் கையால்தான் பறித்தேன்.