செட் சரியில்லை

கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுக்கிறவளை அந்தக் கட்டட வேலையில் எல்லோரும் சரவெடி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்கும் நாளில் மட்டும் வெளியே வரும். பட்டப்பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. தலைக்கு மேல் லோடு தொங்கும்போது எவனாவது போனைப் பார்த்துக்கொண்டே அடியில் நடந்தால் போதும். "ஏய், மண்டை வேண்டாம்னா வேற எங்கயாவது போய் முட்டிக்கோ! என் லோடுக்குக் கீழ வராத!" என்று பிடித்துக்கொள்வாள். இன்ஜினியர், எடுபிடி என்ற பேதமெல்லாம் கிடையாது. வேலையைச் சுற்றிப் பார்க்க வந்த முதலாளியின் மருமகனையே ஒருமுறை பளபள ஷூவோடு ஓட ஓட விரட்டியிருக்கிறாள். அப்புறம் ஆள் யாரென்று சொன்னார்கள். "யாரா இருந்தா என்ன, விழுற கம்பி ஆள் பாத்தா விழும்?" என்றாள். கோபக்காரிதான். ஆனால் அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொன்னவர் அங்கே ஒருவரும் இல்லை.

மேலே கேபினில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவர் அவளுடைய அக்கா புருஷன். அந்த மாமாதான் அவளை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் செங்கல் சுமந்தாள், மணல் சலித்தாள். ஒரு நாள் மாமா ஆபீஸுக்குப் போய், "என் சிக்னலுக்கு இவளைப் போடுங்க. இவ கீழ இருந்தாத்தான் நான் லோடு தூக்குவேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அன்றைக்கே அவள் நடை மாறிவிட்டது. அனுபவசாலிகள் நாலைந்து பேர் இருக்க, தன்னைக் கேட்டு வாங்கினாரே என்ற பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே, இருக்காதா?

வேலை என்னவென்றால், கட்டடம் எழும்பிவிட்டதால் கேபினில் இருப்பவருக்கு லிஃப்ட் சுவருக்குப் பின்னால் உள்ள தரை தெரியாது. கீழே நிற்பவளின் குரல்தான் அவருக்குக் கண். வாக்கி டாக்கியின் பட்டனை அமுக்கிக்கொண்டு "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் லோடு நிற்க வேண்டும். நிறுத்து என்று சொல்லக்கூடத் தேவையில்லை. சொல்கிறவள் மயங்கி விழுந்தாலும் சரி, செட்டில் சார்ஜ் தீர்ந்தாலும் சரி, குரல் இல்லையா, லோடு அந்தரத்தில் நின்றுவிட வேண்டும். கீழே வேலை செய்கிற அத்தனை பேருடைய உயிரும் அந்த ஒரு ஏற்பாட்டில்தான் இருந்தது.

செட்டுகளோ படுகிழம். ஆண்டெனா வளைந்து, பட்டன் மேல் டேப் ஒட்டி, பேட்டரி கழன்று விழாமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். எந்நேரமும் கரகரவென்று இரைச்சல். "என்னம்மா சொன்ன? மறுபடி சொல்லு. செட் சரியில்ல" என்று மாமா தினமும் பத்துத் தரம் கேட்பார். அவளும் தொண்டை கிழியக் கத்துவாள். ஆபீஸில் சொன்னால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

அதற்குள் சாரம் சரிந்தது. வழக்கமாக லோடு இறங்கும் இடத்தில் அன்றைக்குக் காலையில்தான் புதுச் சாரம் கட்டியிருந்தார்கள். பலகைக் கட்டு ஒன்றை அதன் மேல் இறக்க வேண்டும். சாரத்துக்கு மேலே வந்ததும் அவள் குரலை நிறுத்தினாள். லோடு நிற்கவில்லை. அங்கே சாரம் என்ற ஒன்றே இல்லாத மாதிரி அதை நசுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. மேலே நின்றிருந்த தச்சர் குதித்ததால் பிழைத்தார், மணிக்கட்டு மட்டும் போயிற்று. "இறக்கியாச்சு, போதுமா?" என்று மேலேயிருந்து கேட்ட மாமா, விஷயம் தெரிந்ததும் ஏணி வழியாக வேகமாக இறங்கி வந்தார். செட் சரியில்லை, குரல் வந்த மாதிரியே இருந்தது என்றார்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. தகரக் கூரை போட்ட ஆபீஸுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தாள்.

"மனுஷன் விழுந்தப்புறமும் ரப்பர் பேண்டுதானா சார்?"

"இரும்மா, மேல எழுதிப் போட்டிருக்கேன்" என்றார் மேனேஜர்.

"எழுதிப் போட்டா ஆச்சா? உங்க ரூமுக்கு ஏசி எழுதிப் போட்டீங்க, மறுநாளே வந்துச்சு! எங்க உயிருன்னா மட்டும் நத்தை மாதிரி நகருமா? புது செட் வர்ற வரைக்கும் கொக்கி மேலயே தொங்கட்டும். நான் பட்டனைத் தொட மாட்டேன்!"

சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கம்பி கட்டுகிறவர்கள், கொத்தனார்கள் எல்லோரும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "செட் விக்கிறவரை வரச் சொல்றேன். நீயும் உன் மாமாவும் எதைச் சொல்றீங்களோ அதையே வாங்குவோம், போதுமா தாயே?" என்று இறங்கி வந்தார்.

ஜெயித்த கையோடு அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அக்கா முகத்தில் சந்தோஷத்தையே காணோம்.

"நீயாவது அந்த மனுஷனுக்காகச் சண்டை போடு. என்கிட்ட அவரு வாயையே திறக்கிறதில்ல. நாலு தரம் கூப்பிட்டா ஒரு தரம் திரும்பிப் பாக்குறாரு. பெரிய ஆளாகிட்டாருல்ல, நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?"

இதற்கும் சரவெடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ்வளவு திமிரா? நான் கேக்கறேன் பாரு" என்று கிளம்பினாள். புது செட் வந்த அமர்க்களத்தில் கேட்க மறந்துவிட்டாள்.

செட் விற்கிறவர் ஒல்லியான ஆள். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் கனமான பை. முதல் செட்டை வெளியே எடுத்ததும் ஆளுக்கு ஆள் மொய்த்துக்கொண்டார்கள். காவல்காரருக்கு டார்ச் வைத்த செட் வேண்டுமாம். ஸ்டோர்காரர், பச்சைக் கலரில் இல்லையா என்றார்.

"கல்யாணத்துக்குத் துணி எடுக்கவா வந்திருக்கோம்? தள்ளுங்கய்யா!" என்று எல்லோரையும் விலக்கிவிட்டு அதை மாமாவுக்கு மேலே அனுப்பினாள். மாமா கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, கேபின் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். கேட்கவில்லையாம். "பொம்மைக் கடையில வாங்கினீங்களா?" என்று செட் விற்கிறவரை ஒரு வாங்கு வாங்கித் திருப்பி அனுப்பினாள்.

அடுத்த வாரம் வந்தது பெரிய செட், இரைச்சலை வடிகட்டுமாம். அவள் காதுக்குக் கணீரென்று இருந்தது. மாமா அதையும் வேண்டாமென்றார். காற்றுச் சத்தம் அமுக்கிவிடுகிறதாம்.

"அக்கா, சத்தியமா சொல்றேன், துறைமுகத்துல எல்லாம் இதைத்தான்..." என்று இழுத்தார் செட் விற்கிறவர்.

"துறைமுகத்துல விக்கிறவருக்கு இங்க என்ன வேலை? அந்தக் கேபின்ல ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கீங்களா? உக்காந்திருக்கிறவரு சொல்றாரு, கேக்கலன்னு. அப்புறம் என்ன?"

அவர் வாயை மூடிக்கொண்டு செட்டை உறைக்குள் போட்டார். நமக்கு நன்றாகத்தானே கேட்டது என்று அவளுக்குள் ஒரு உறுத்தல். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதை அப்போதே அமுக்கிவிட்டாள்.

மூன்றாவதைக் கொண்டு வந்தபோது அவர் முகத்தில் களையே இல்லை. "இதுக்கு மேல எங்ககிட்ட செட் இல்லக்கா. இதுவும் போச்சுன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார். வெறும் கொக்கியை வைத்துச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு செட் மாமாவிடம் போனது. இன்னொன்றை, கையில் மாவுக்கட்டோடு ஸ்டோரில் உட்கார்ந்திருந்த தச்சரிடம் கொடுத்து நாலாவது மாடிக்கு அனுப்பினார்கள்.

அவள் தன் கையிலிருந்த செட்டைக் காதில் வைத்தாள். கேபினில் சுற்றும் மின்விசிறி கேட்டது. மாமா தொண்டையைச் செருமியது கேட்டது.

"அக்கா, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றார் மாடியிலிருந்த தச்சர்.

"மாமா, உங்களுக்கு?"

பதில் இல்லை. மறுபடி கேட்டாள். மூன்றாம் தரம் கத்தியபோது, "ம், ஆரம்பி" என்றார்.

"இறக்கு, இறக்கு, இறக்கு..." கொக்கி இறங்க ஆரம்பித்தது. பாதி உயரத்துக்கு வந்திருக்கும். என்ன தோன்றியதோ, அவள் பட்டனை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

கொக்கி நிற்கவில்லை. ஆட்டம் அசைவில்லாமல், அழகாக, தச்சர் நின்ற மாடியைத் தாண்டியது. அதற்குக் கீழே உள்ளதையும் தாண்டியது. அவள் விலகி நின்றாள். வழக்கமாக லோடு வைக்கிற அதே இடத்தில் வந்து மண்ணைத் தொட்டுச் சாய்ந்தது. கம்பிவடம் தொய்ந்தது.

"இறக்கியாச்சு, போதுமா?" என்றார் மாமா.

சாரம் நசுங்கிய அன்றைக்கும் இதே கேள்வியை, இதே நிதானத்தோடு கேட்டாரே. அப்படியானால் இந்த ஆள் குரலைக் கேட்டு இறக்கவே இல்லை. பழகிய கையால் பழகிய இடத்துக்கு இறக்குகிறார். இத்தனை நாளும் அவள் கத்தியதெல்லாம் காற்றோடு போயிருக்கிறது.

"அக்கா, நீங்க அப்பவே நிறுத்திட்டீங்களே?" என்று தச்சரின் குரல் வந்தது.

மேனேஜர் எரிச்சலோடு வந்தார். "என்னய்யா, இதுவும் பாதியில கட் ஆகுதா? எடுத்துட்டுப் போய்யா உன் செட்டை!" செட் விற்கிறவர் முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல சார், சிக்னல் முழுசா இருக்கு சார்" என்று செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாமா ஏணி வழியாக இறங்கி வரும்வரை அவள் கிரேனின் காலடியிலேயே நின்றாள். வந்தவரின் கையைப் பிடித்து மணல் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"எவ்வளவு நாளா?"

மாமா அவள் வாயைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா காது கேக்கலன்னு கேக்கறேன்!"

"கத்தாதம்மா, யாராவது வந்துடப் போறாங்க." அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "ஒரு பக்கம் சுத்தமாப் போய் ரொம்ப நாளாச்சு. இன்னொரு பக்கம் கொஞ்சம் இருந்துச்சு. மத்தவங்க பேசினா வாய்தான் அசையும். உன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அதனாலதானே உன்னைக் கேட்டு வாங்கினேன்? இப்ப செட்டுல அதுவும் கேக்க மாட்டேங்குது."

அவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இதற்குத்தானா? கெட்டிக்காரி என்று இல்லையா? தொண்டை பெரிசு என்றுதானா? இத்தனை நாளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

"உங்க கொக்கிக்குக் கீழ நிக்கிறது யாரு மாமா? நான்! உங்க பொண்டாட்டியோட கூடப் பிறந்தவ!"

"உன் மேல விடுவேனா? எனக்கு இடம் அத்துப்படி."

"சாரம் கட்டினது அத்துப்படியா?"

தலையைக் குனிந்தார். "எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு. அக்காவை நினைச்சுப் பாரு. இந்தக் கட்டடம் முடியிற வரைக்கும்தான். செட் சரியில்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க" என்றார்.

நம்புவார்கள்தான். அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. அவளை நம்பித்தானே வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்? அவளை நம்பித்தானே அந்த ஒல்லி மனிதர் வாயை மூடிக்கொண்டு இரண்டு தரம் திரும்பிப் போனார்?

ஆபீஸுக்குள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். செட் விற்கிறவர் உறையைத் தேடிக்கொண்டிருந்தார். தச்சர் இறங்கி வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா அவள் பக்கத்தில் நின்று, குனிந்த தலை நிமிராமல் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா, இதுவும் வேண்டாமா?" என்றார் மேனேஜர்.

எல்லோரும் அவள் வெடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தார்கள். அவளும் வெடிக்கத்தான் வாயைத் திறந்தாள். அக்காவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. குரல் அவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சின்னதாக வந்தது.

"செட் நல்லா இருக்கு சார். மாமாவுக்குத்தான் காது கேக்கல. ரொம்ப நாளா. அன்னிக்குச் சாரத்து மேல இறக்கினதும் அதனாலதான். இனிமே அவரை மேல ஏத்தாதீங்க."

மேனேஜர் மெதுவாக மாமா பக்கம் திரும்பினார். எல்லோரும் தன்னையே பார்ப்பதை மாமா அப்போதுதான் கவனித்தார். சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு நன்றி. நிம்மதியாகத் தலையை ஆட்டினார்.

"ஆமா சார். அவ சொல்றது அத்தனையும் சரி. மொதல்லேர்ந்து நானும் அதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

தச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு மாமாவைத் தன் பக்கமாகத் திருப்பினாள். சொன்னதையே மறுபடி ஆரம்பத்திலிருந்து, இந்தத் தடவை அவருக்கும் கேட்கிற மாதிரி, கத்திச் சொன்னாள்.