அடைத்த பக்கவாசல்

அன்று அங்கே இருந்தவர்கள்: என் அக்கா, அத்தான், கொத்தனார், நான். நான்கு பேரும் இன்றும் உயிரோடுதான் இருக்கிறோம். நம்பாதவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அத்தான் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

நான் இரவு ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தவன். தூக்கம் கெட்டவன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் தெரியும் என்பீர்கள். இதை நான் தூக்கக் கலக்கத்தில் பார்க்கவில்லை. இருட்டுவதற்கு முன்பே பார்த்தேன்.

அக்காவின் வீடு நூறு வருடத்துச் செங்கல் வீடு. முன்பு இருந்தவர்கள் செங்கல் இடுக்குகளில் சிமெண்டை அப்பி வைத்திருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரிந்து உதிர்ந்தது. சிமெண்டைச் சுரண்டிவிட்டு, பழையபடி சுண்ணாம்புக் கலவையை அடைக்கக் கொத்தனார் வந்தார். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அதுவரை சுவரில் ஈரச்சாக்கு தொங்க வேண்டும். அதற்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

"வெட்டியா இருக்கிற மச்சானுக்கு ஏத்த உத்தியோகம்," என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அக்காவுக்கு ஒரே பையன். ஆறு வயது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை.

வீட்டின் பக்கவாட்டில் இருந்தது அவனுடைய கதவு. விளையாடிவிட்டு அந்த வழியாகத்தான் உள்ளே வருவான். அவன் போனபிறகு அத்தானால் அந்தக் கதவைப் பார்க்க முடியவில்லை. சுவர் வேலையோடு சேர்த்து, அதையும் வெளிப்பக்கம் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டார். கொத்தனார் பழைய செங்கல்களாகப் பொறுக்கி, நிறம் பார்த்து, வரிசை பார்த்து அடைத்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"கதவு எங்க இருந்துச்சுன்னு எவனாவது கண்டுபிடிக்கட்டும். நான் மீசையை எடுத்துடறேன்."

கடைசிச் சுவரும் முடிந்த மறுநாள் காலை. ஒரு சாக்கின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். கலவை இன்னும் இறுகாமல் ஈரமாகவே இருந்தது. அதில் ஒரு கோடு. விரலால் இழுத்த கோடு. என் இடுப்பு உயரத்தில்.

"பூனையா இருக்கும் தம்பி," என்றார் கொத்தனார். தேய்த்து மூடினார்.

மறுநாளும் கோடு. ஒவ்வொரு சாக்காகத் தூக்கிக்கொண்டே அதன் பின்னால் போனேன். முன்வாசலைத் தாண்டியது. மூலை திரும்பியது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுச் சுவருக்கு வந்தது. அங்கே நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. கோட்டின் மேல் கோடு... கோட்டின் மேல் கோடு...

யாரோ தேடியிருக்கிறார்கள்.

நான் சாக்கை இறக்குவதற்குள் அக்கா பார்த்துவிட்டாள்.

"முன்வாசல்ல வரமாட்டான்டா. சேத்துக்காலோட அந்தப் பக்கம் வந்தா முதுகுத்தோலை உரிச்சிடுவேன்னு நான்தான் சொல்லிருக்கேன்."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே," என்றார் அத்தான்.

அன்று மாலை ஐந்தே முக்கால். தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

டக்.

குழாயை மூடினேன்.

டக்... டக்...

அடைத்த இடத்திலிருந்து. அங்கே யாரும் இல்லை. சாக்கு மட்டும் அசைந்தது. காற்றே இல்லை.

அக்கா கடப்பாரையோடு ஓடி வந்தாள். அத்தான் குறுக்கே நின்றார்.

"வேணாம்மா. அவன் செத்துட்டான்மா."

"உங்களுக்குச் செத்துட்டான். எனக்கு வெளியில நிக்கிறான். தள்ளுங்க."

அவர் விலகவில்லை. கடப்பாரையைப் பிடுங்கினார். அவரே இடித்தார்.

ஈரக் கலவை. செங்கல் பொலபொலவென்று விழுந்தது. பின்னால் பழைய கதவு அப்படியே இருந்தது. அக்கா வீட்டுக்குள் ஓடி, உள்பக்கத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

கதவு திறந்தது.

"வாடா செல்லம். சேறு பரவாயில்ல. வா."

குளிர்... என் முழங்கையை உரசிக்கொண்டு போனது.

பிறகு...

என் தோளையும் ஏதோ உரசியது.

அத்தான் செங்கல் குவியலில் உட்கார்ந்து அழுதார்.

அதன்பிறகு சுவரில் கோடு விழவில்லை. ஒரு மாதத்தில் அத்தான் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. அக்கா போக மறுத்துவிட்டாள். அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்தாள். நானும் வற்புறுத்தாமல் கிளம்பிவிட்டேன்.

போன வாரம் கடைத்தெருவில் கொத்தனாரைப் பார்த்தேன். ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, அன்னிக்கு அம்மா முன்னாடி சொல்ல வாய் வரல. நீங்க சாக்கோட கீழ்ப்பக்கம்தான் தூக்கிப் பார்த்தீங்க. மேல... என் தலைக்கு மேல ஒரு முழம்... அங்கயும் ஒரு கோடு இருந்துச்சு. வீட்டைச் சுத்தி முழுக்க. சின்னக் கோடு நின்ன இடத்துல அதுவும் நின்னுருக்கு."

"நீங்க சாரத்துல ஏறினப்போ கை பட்டிருக்கும்."

"அப்பவே சாரத்தைப் பிரிச்சு ரெண்டு நாள் ஆயிருந்துச்சு தம்பி. கூட்டிட்டு வந்துச்சோ, துரத்திட்டு வந்துச்சோ... எனக்குத் தெரியாது."

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கவாசலில் தட்டினேன். ஒரு சாண் திறந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். முகத்தில் மட்டும் சிரிப்பு.

"அக்கா, என்கூட வந்துடு."

"மெதுவாப் பேசுடா. இப்பதான் ரெண்டு பேரும் தூங்குறாங்க."

திரும்பி உள்ளே நடந்தாள். கதவை அவள் தொடவில்லை.

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.