ரமாபாய் தனியாகக் கொடுத்த மஞ்சள் நோட்டீஸ்

கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதற்கு வியாசர்பாடியில் மஞ்சள் நோட்டீஸ் என்று பெயர். கொடுத்தவர்கள் பெரும்பாலும் ராவோடு ராவாக வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். கொடுத்த மறுநாளே குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு வந்து நின்றவள் ரமாபாய் ஒருத்திதான்.

அவளுக்குத் தொழில் சமையல். மணலியில் ஒரு கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நூற்றெண்பது பேருக்குப் பதினோரு வருடம் மதியச் சாப்பாடு போட்டாள். கணவன் பாரி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நல்ல மனிதன்தான், அடுப்படிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. அந்தத் தொழிலாளர்களைக் கூட்டி வந்த கான்ட்ராக்டர் எட்டு மாதச் சாப்பாட்டுப் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஒருநாள் கம்பி நீட்டினான். நாசமாய்ப் போகிறவன்! வேனுக்கும் மளிகைக்கும் வாங்கிய கடன் ரமாபாயின் தலையில் விழுந்தது. இரண்டு வருடம் முட்டி மோதிப் பார்த்தாள், முடியவில்லை.

"ரெண்டு பேருமா சேந்தே குடுத்துடலாம்மே. புருசன்னு நான் எதுக்கு கீறேன்?" என்றான் பாரி.

"யோவ், லூசாய்யா நீ? கடன் வாங்குனது நானு, கையெழுத்து போட்டது நானு. வூடு உன் பேர்ல கீது. நீயும் மாட்டிகினா புள்ளைங்க எங்க போய் படுக்கும்?"

வக்கீல் குணசுந்தரியும் அதையேதான் சொன்னாள். மனைவி தனியாக மனுப் போடலாம். தொழில் உண்மையிலேயே அவளுடையதாக இருந்தால் கணவனின் வீட்டைத் தொடமாட்டார்கள். ஆனால் டைப் செய்து வந்த மனுவில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது. ரமாபாய்க்குச் சுருக்கென்றது.

"இன்னாம்மா இது? பதினோரு வருசம் வூட்லயா குந்திகினு இருந்தேன்? சாப்பாட்டு கான்ட்ராக்ட்டுனு அடிக்கச் சொல்லும்மா."

திருத்தியது நல்லதாகப் போயிற்று. ஐகோர்ட்டில் மளிகை மண்டிக்காரரின் வக்கீல் எழுந்து, "இந்த அம்மா வெறும் பெயருக்குத்தான். தொழிலை நடத்தியது கணவர். அவர் வீட்டையும் சேர்க்க வேண்டும்" என்றார்.

பாரியைக் கூண்டில் ஏற்றினார்கள். குணசுந்தரி அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நூற்றெண்பது பேருக்குச் சாம்பார் வைக்க எத்தனை கிலோ பருப்பு?"

பாரி திருதிருவென்று விழித்தான். மனைவி இருந்த பக்கம் திரும்பி, "ரெண்டு கிலோ... வருமா?" என்றான்.

கோர்ட் என்பதெல்லாம் ரமாபாய்க்கு மறந்துபோயிற்று. "ரெண்டு கிலோவா? அத்த எவன் துன்னுவான்? எட்டு கிலோய்யா! அரிசி முப்பத்தஞ்சு. புதங்கெயம கருவாட்டுக் கொழம்பு, அன்னிக்கு இன்னும் அஞ்சு கிலோ போடணும், ரெண்டாவது வாட்டியும் தட்ட நீட்டுவானுங்க!"

நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொழில் யாருடையது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வேனும் அண்டாக்களும் கோர்ட்டுப் பொறுப்புக்குப் போயின. உத்தரவில் ரமாபாய் பெயர் மட்டும் இருந்தது. வீடு தப்பியது. இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடையில் சம்பளத்துக்குச் சமைக்கிறாள். அங்கேயும் அவள் வைத்ததுதான் சட்டம்.

ஒருநாள் துறைமுகத்தில் கூட வேலை செய்யும் லியோனார்ட் நாலு பேர் முன்னால் பாரியைச் சீண்டினான்.

"இன்னா மாமு, உம் பொண்டாட்டி மஞ்சா நோட்டீசு குடுத்துச்சாமே?"

பாரி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஆமா, குடுத்துச்சு. நானும் போடுறேன்னு கெஞ்சுனேன், ஒரு கையெழுத்து போட வுடல. அத்தினி கடனையும் அதுவே தாங்கிச்சு. நாளைக்கு நீ மாட்டிகினா உன்ன இப்டி தள்ளி நிக்க வச்சிட்டு முன்னால போய் நிக்க ஆள் கீதா, சொல்லு?"