பொதுக் கையுறை

உஸ்பெகிஸ்தானில் மர்கிலான் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தெருவில் ஒய்னிசாவைப் போல ரொட்டி சுட ஆள் கிடையாது. அவளுக்கு ஆகாதவர்களும் இதை ஒத்துக்கொள்வார்கள். மருமகளாக வந்த நாளிலிருந்து, பிசைந்த மாவைத் தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு தெருமுனைப் பொதுத் தந்தூர் அடுப்புக்குப் போய்வருகிறவள். புருஷன் சோபிர் வேன் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிற ஆள். வீடு, மாடு, மகள் மவ்லூதா எல்லாம் இவள் தலையில்தான். இத்தனையையும் சமாளித்தவளை ஒரு படர்தாமரை ஆட்டிவைத்துவிட்டது.

வலது முன்கையில் காசு அளவுக்குச் சிவந்து, ஓரம் தடித்து, வட்டமாக வந்தது. அரிப்பு உயிரை வாங்கியது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பூண்டை அரைத்துக் கட்டினாள், தோல் வெந்துபோனது. மண்ணெண்ணெய் தடவினாள், அடுப்புப் பக்கமே போக முடியவில்லை. ஓதி ஊதுகிற பெரியவர் ஊதிவிட்டு ஆப்ரிகாட் பழம் ஒரு கூடை வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் சந்தை மருந்துக்கடைக்காரன் கொடுத்த களிம்பு அரிப்பை உடனே அடக்கியது. அப்பாடா என்று நிறுத்தினாள். வட்டம் உள்ளங்கை அகலத்துக்குத் திரும்பி வந்தது.

வந்த நேரமும் நல்ல நேரம் இல்லை. நாலு வீடு தள்ளி இருக்கிற பஷோரத், தன் மகனுக்கு மவ்லூதாவைக் கேட்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து ரொட்டியை உடைத்துவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. அதற்கு நாள் பேச வந்தபோது ஒய்னிசா தேநீர் ஊற்றினாள். சட்டைக் கை மேலே ஏறியது. பஷோரத் பார்த்தாள். கிண்ணத்தை வாயில் வைக்காமலே கீழே வைத்தாள்.

மறுநாள், கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று ஆள் வந்து சொன்னது. அந்த வீட்டில் சுத்தம் போதாது என்று தெரு சொன்னது. முற்றத்தைக் கழுவிக் கழுவியே இடுப்பொடிந்தவளைப் பார்த்துச் சுத்தம் போதாதாம்! மவ்லூதா தட்டில் போட்ட சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போனாள். அதுதான் ஒய்னிசாவுக்குத் தாங்க முடியவில்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ரானோ, தோலின் ஓரத்தைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்துவிட்டு, சந்தைக் களிம்பைக் குப்பையில் போட்டாள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை உள்ளே வளர்க்கும் என்று திட்டினாள். பூஞ்சைக்கு மட்டுமான களிம்பை எழுதிக் கொடுத்து, வட்டத்தைத் தாண்டியும் பூசச் சொன்னாள். மறைந்த பிறகும் சில வாரம் விடக்கூடாது. துண்டு, படுக்கைவிரிப்பு எல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். மாட்டின் தோலையும் பார்க்க வேண்டும். ஒய்னிசா ஒன்று விடாமல் செய்தாள். மாட்டுக்கு ஒன்றும் இல்லை. கையும் சுத்தமானது. சொன்ன நாள் வரைக்கும் பூசி நிறுத்தினாள். ரொட்டி சுட்டுவந்த அடுத்த வாரமே அதே இடத்தில் அரித்தது. களிம்புக் குழாயைச் சுவரில் வீசிவிட்டு ஆத்திரத்தில் அழுதாள்.

மறுபடி போனபோது டாக்டர் நிதானமாகக் கேட்டாள். "இந்த ஒரு கையில மட்டும்தான் வருது. இந்தக் கையில என்ன மாட்டுறீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வளையல்கூட இல்ல."

பொய் சொல்லவில்லை. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த முறை அடுப்படியில் அவள் முறை வந்தது. ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்தாள். பஞ்சு வைத்துத் தைத்த நீளக் கையுறை, தோள் வரைக்கும் வரும். தண்ணீரில் முக்கி மாட்டிக்கொண்டு, தணலடிக்கிற அடுப்புக்குள் கையை விட்டு ரொட்டியை அதன் உட்சுவரில் ஒட்ட வேண்டும். அடுப்பு எல்லாருக்கும் பொது, கையுறையும் பொது. கையை நுழைத்ததும் உள்ளே ஈரமாக, முன்னால் சுட்டவளின் உடம்புச் சூட்டோடு இருந்தது. கையில் என்ன மாட்டுறீங்க என்று டாக்டர் கேட்டது ஒய்னிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றிப் பார்த்தாள். உச்சிக் கோடையில் அத்தனை பெண்களும் மணிக்கட்டு வரை சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தார்கள்.

கையுறையை உருவித் தணலில் போட்டாள்.

"ஏன்டி, பைத்தியமா உனக்கு? நான் தைச்சதுடி அது" என்று பஷோரத் பாய்ந்து வந்தாள்.

"சட்டைக் கையைத் தூக்குங்க அக்கா."

புதிதாக வந்த மருமகள் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு கையை ஏற்றினாள். வட்டம். அவளைப் பார்த்து அடுத்தவள். கடைசியாக பஷோரத். அவளுடையதுதான் எல்லாவற்றையும்விட மோசம். சந்தைக் களிம்பை விடாமல் பூசித் தோல் மெலிந்து பளபளத்தது, வட்டத்துக்குள் வட்டமாகத் தோள்வரை ஏறியிருந்தது.

இந்த வீட்டுக்கா என் பெண்ணைக் கொடுப்பது என்று கேட்க ஒய்னிசா பல நாளாக வாய்க்குள் வைத்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

"இத வெச்சுக்கிட்டு எப்படிக்கா தூங்குறீங்க?"

"தூக்கமா?" என்றாள் பஷோரத். கண் நிறைந்துவிட்டது.

ஒய்னிசாவே எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எல்லார் கையும் சுத்தமாகும்வரை ஆளுக்கொரு பழந்துணியைச் சுற்றிக்கொண்டு சுட்டார்கள், பாதி ரொட்டி கருகியது, அதற்கும் அவளைத்தான் திட்டினார்கள். அப்புறம் ஒரு காலையில் பஷோரத் புதுக் கையுறையோடு வந்தாள். ஓரத்தில் வெல்வெட் வைத்து அழகாகத் தைத்திருந்தாள்.

"சம்பந்தி, முதல் ரொட்டி நீங்க போடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை நாங்க ரொட்டியோட வர்றோம்" என்றவள், பெருமையாகத் திரும்பி, "இது நம்ம எல்லாருக்கும்" என்றாள். பழைய ஆணியைத் துடைத்தும் வைத்திருந்தாள்.

ஒய்னிசாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கையுறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், தன் ரொட்டிகளைச் சுட்டு முடித்தாள், கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுக்குன்னு வெச்சுக்கிறேன் சம்பந்தி. நீங்க ஆளுக்கு ஒண்ணு தைச்சுக்குங்க."

பொங்கிய மாவோடு எல்லாரும் அடுப்படியிலேயே நிற்க, அவள் நடையைக் கட்டினாள். முதுகுக்குப் பின்னால் பஷோரத்தின் குரல் நன்றாகவே கேட்டது. "பொண்ணு தங்கம்தான். என் சம்பந்தி இருக்காளே, மகா கஞ்சம்."

சொல்லிக்கொள்ளட்டும். சம்பந்தி என்றுதானே சொல்கிறாள் என்று ஒய்னிசா திரும்பிப் பார்க்காமல் போனாள்.