ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றம் சுற்றிய எங்கள் அக்கா

எங்களை விட்டு அக்கா பிரிந்து ஓராண்டாகிறது. அவரை அறிந்த உறவினர்க்கும் நண்பர்க்கும் தங்கை எழுதும் வரிகள் இவை.

அக்கா பிறந்தது பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்க்கான வரிசை வீடொன்றில். எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மழை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவரின் முதுகில் மரக்கிளை முறிந்து விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. பல மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பினார். அசையாமல் உட்கார்ந்தால் புண் வரும், கையால் வண்டியை ஓட்டிப் பழகவேண்டும் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் மலையில் சமதரை ஏது? தொழிற்சாலை முற்றம் ஒன்றுதான். அங்கும் லாரிகள் நிற்கும். அக்கா நேரே மேலாளரிடம் போனார். "ஞாயித்துக்கெழம மட்டும் முத்தத்த எனக்கு விட்டுருங்க, தொரை" என்று கேட்டு வாங்கினார். மற்ற நாட்களில் லயத்து வாசலிலேயே முன்னும் பின்னும் ஓட்டுவார். உள்ளங்கை கொப்புளித்தது.

"போதும்டி, நான் தள்ளுதேன்" என்று அம்மா அழுவார்.

"நீ தள்ளுனா உனக்குத்தாம்மா ஒடம்பு தேறும்" என்று அக்கா சிரிப்பார்.

தோட்டத்தின் பக்கத்துப் பிரிவான அடுத்த டிவிஷனில் மாரியப்பன் அண்ணன் இருந்தார். ஜீப் கவிழ்ந்து கால்கள் செயலிழந்தபின் அவர் வாசல் தாண்டியதில்லை. அவருடைய நாற்காலியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அக்கா அவரைத் தேடிப் போனார்.

"நான் ஒருத்தி சுத்துனா பைத்தியம்பாக. ரெண்டு பேரு சுத்துனா வெளையாட்டும்பாக. வாங்கண்ணே."

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். பிறகு வேறு தோட்டங்களிலிருந்தும் சிலர் வந்தனர்.

யார் எத்தனை சுற்று வந்தார் என்று அக்கா சுவரில் சாக்கட்டியால் கோடு போடுவார். ஒருமுறை மாரியப்பன் அண்ணனின் கோடுகள் வாரத்துக்கு வாரம் குறைந்தன. "சளிதான் தாயி" என்றார் அவர்.

அக்கா விடவில்லை. "சளிக்கு இப்படிக் கொறையாதுண்ணே. புண்ணு வந்திருக்கா?"

அவர் தலைகுனிந்தார். அன்றே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் அக்கா. தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்தார். கடைசி ஞாயிறன்று முற்றத்துச் சிரிப்பொலி எங்கள் ஜன்னல் வரை கேட்டது.

"யாருடி முந்துதாக?"

"மாரியப்பன் அண்ணன்" என்றேன்.

"பாத்தியா!" என்றார். வாடியிருந்த முகம் மலர்ந்தது.

அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்க்கும், அழைத்தபோதெல்லாம் ஜீப் எடுத்துவந்த ஓட்டுநர்க்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு பொங்கித் தந்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அக்கா மறைந்த மறு ஞாயிறு முற்றம் வெறிச்சோடிக் கிடக்கும் என்றே நினைத்தோம். எல்லோரும் வந்திருந்தார்கள். மாரியப்பன் அண்ணனுக்குப் பக்கத்தில், புதிய நாற்காலியில், நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு பெண் இருந்தார். தமக்கு நேர்ந்த விபத்துக்குப் பின் அன்றுதான் அவர் வீட்டை விட்டு வெளியே வந்திருந்தாராம்.