இனிஷியல் முன்னால்தானே வருகிறது

பெங்களூர் ஆடுகோடி சிக்னலைத் தாண்டிய பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. தோளில் ரெக்சின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த சர்டிபிகேட். அல்சூரில் ஒரு வக்கீல் வீட்டு முன்னறையில் சில மாதம் வேலை பார்த்துவிட்டு, போட்டு வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பி வந்திருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொன்ன விதத்தில்தான் கிளம்பினேன்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். கிருஷ்ணகிரியில் லாரி ஷெட், திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் கொரியர் ஆபீஸ் என்று சுற்றிவிட்டு, மர்பி டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மூடியபோது, அங்கே மெயில் பார்க்க வரும் இந்த வக்கீல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பகலில் ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சாயங்காலம் கம்ப்யூட்டர். படுக்க முன்னறை பெஞ்ச். சோறு அவருடைய அம்மா போடுவார்.

பெங்களூரில் அப்போது தெருவுக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வக்கீலுக்கோ வாடகை வழக்கும் பாகப்பிரிவினையும்தான். கம்பெனி பார்ட்டி ஒன்று கட்சிக்காரராக வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த நேரம் பார்த்து டை கட்டிய ஒரு ஆள் வந்தான். வக்கீல்களுக்கென்றே ஒரு வெப்சைட், அதில் படத்தோடு ஒரு பக்கம், கூடவே கேஸ் தேதியும் கட்சிக்காரர் விவரமும் வைத்துக்கொள்ள ஒரு சிடி. வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாதே என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"இது விளம்பரம் இல்லப்பா. விவரம்," என்றார். அவனிடம் பணத்தைக் கட்டிவிட்டு வக்கீல் என்னிடம், "ஒரு கம்பெனி பார்ட்டி வந்துச்சுன்னா நீ இங்கயே பர்மனென்ட். வரலேன்னா இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி எதுக்கு, நீ எதுக்கு?"

மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெஞ்சை விட எனக்கு மனமில்லை. ஒரு பார்ட்டியாவது வந்துவிட வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

விவரம் நிரப்ப உட்கார்ந்தோம். முதல் கட்டத்திலேயே தகராறு. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம்.

"உங்க பேர ஃபர்ஸ்ட்ல போட்டு, இனிஷியல லாஸ்ட்ல போட்டுடறேன் ஸார்."

"ஏன்? இனிஷியல் முன்னாடி வருதா, பின்னாடி வருதா?"

"முன்னாடி ஸார்."

"முன்னாடி வர்றது ஃபர்ஸ்ட்டா, லாஸ்ட்டா?"

குறுக்கு விசாரணையில் சாட்சி என்ன சொல்ல முடியும்? இனிஷியலை முதல் கட்டத்தில் போட்டேன். ஒற்றை எழுத்து செல்லாது என்று சிவப்பில் காட்டியது.

"அப்பா பேர முழுசாவே போடு. அப்பா பேரு முன்னாடி வந்தா என்ன தப்பு?"

வக்கீலின் அப்பா மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது உள்ளறைச் சுவரில், பிளாஸ்டிக் மாலைக்குள் இருந்தார். அவர் பெயரை முதலிலும் மகன் பெயரைக் கடைசியிலும் டைப் செய்தேன். இந்த ஊர் கம்பெனிக்காரர்கள் யாரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று பிரவுசிங் சென்டரில் பார்த்திருந்தேன். அதையும் சொன்னேன். "கூப்பிடறதுக்கு முன்னாடி யோசிக்கட்டும்," என்றார்.

சிடியில் வந்த சாஃப்ட்வேரும் அதே கணக்குத்தான். கட்சிக்காரர்களும் எதிர்த்தரப்பும் அவரவர் அப்பா பேரில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வாதி அண்ணன், பிரதிவாதி தம்பி. முகம் பார்த்துப் பேசாத அந்த இருவரும் எங்கள் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பெயரில் இருந்தார்கள். அண்ணனுடைய விலாசம் தேடினால் தம்பி வந்து நிற்பான். வக்கீல் கத்துவார். நான் ஃபைலை அவிழ்த்துப் பார்த்துச் சொல்வேன். கட்டை முழுசாக அவிழ்ப்பதற்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று அவர் கேட்பார்.

தினமும் கோர்ட்டிலிருந்து வந்ததும் இன்டர்நெட்டைப் போடச் சொல்வார். அதைப் போட்டால் டெலிபோன் லைன் என்கேஜ்ட் ஆகிவிடும். பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மூலையில் ஒரு எண் காட்டும். ஏறிக்கொண்டேதான் இருந்தது.

"பாக்கறாங்களே, ஏன் ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்கறான்? படம் சரியில்லையோ?"

கோட்டு போட்டு ஒரு படம் எடுத்தார். கோட்டும் கவுனும் போட்டு இன்னொன்று எடுத்தார்.

அவருடைய அம்மா மட்டும் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார். நாங்கள் கோர்ட்டுக்குப் போன பிறகு போனை எடுப்பது அவர்தான். சாப்பாடு போடும்போது ஒருநாள் சொன்னார்: "இன்னிக்கும் ரெண்டு பேர் அவரக் கேட்டாங்கப்பா. நல்ல மரியாதையாப் பேசறாங்க."

"பென்ஷன் ஆபீஸா இருக்கும்மா. ரசம் ஊத்து," என்றார் மகன். நானும் ரசத்துக்குத்தான் தட்டை நீட்டினேன்.

கோர்ட் லீவு நாள் ஒன்றில், ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரி மேனேஜர் வந்தார். தமிழர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கேள்விப்பட்டேன் ஸார். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. பெரியவரோட கேஸெல்லாம் இப்ப நீங்கதான் பாக்கறீங்களா?"

"எந்தப் பெரியவர்?"

"வெப்சைட்ல இருக்காரே, அந்த வக்கீல் ஸார். போன் பண்ணேன். ஒரு அம்மா எடுத்து, அவர் போயி மூணு வருஷம் ஆச்சு, இப்பதான் திதி குடுத்தோம்னாங்க. படத்துல அச்சு உங்கள மாதிரியே இருந்தாரு. மகன்தானே நீங்க?"

உள்ளே இருந்து அம்மா வந்துவிட்டார். "ஆமாம்ப்பா, நான்தான் சொன்னேன். அவர் பேரச் சொல்லித்தானே எல்லாரும் கேக்கறாங்க? கன்னடத்துல கேட்டா தீரிஹோகித்தாரேன்னு சொல்றேன். இங்கிலீஷ்ல கேட்டா நோ மோர்னு சொல்றேன். எல்லாருமே ஸாரி சொல்லிட்டுத்தான் வெச்சாங்க."

மூலையில் ஏறிக்கொண்டிருந்த எண் எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூப்பிட்டவர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த இடத்தில் சிரித்திருந்தால்கூடப் பார்ட்டி கிடைத்திருக்கும். வக்கீலோ வாதாடினார். இனிஷியல் முன்னால்தானே வருகிறது, முன்னால் வருவதுதானே முதல் பெயர் என்று ஜட்ஜ் முன்னால் நிற்பதுபோல நீட்டி முழக்கினார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். வாசலில் விட்டுவந்த செருப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சரி ஸார். எங்க முதலாளிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

இந்த வார்த்தையைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். அவர் தெருமுனை திரும்பும்வரை வக்கீல் வாசலில் நின்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன்யா சொல்லல?"

"சொன்னேன் ஸார்."

"அழுத்திச் சொல்லல."

ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடுகிறேன் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். கையைத் தட்டிவிட்டார். "மாத்தினா நாம தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அந்த வெப்சைட்காரனுக்கு நோட்டீஸ் விடறேன். கட்டத்த அவன் மாத்தட்டும்."

அம்மா கதவோரம் நின்றுகொண்டு என்னிடம், "அவர் பேர எடுத்துடாதப்பா. ரிட்டயர் ஆனப்புறம் அவர ஒருத்தரும் கூப்பிடல. இப்பதான் நாலு பேர் கேக்கறாங்க," என்றார்.

கம்ப்யூட்டரை அணைத்தேன்.

வக்கீல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "நீ இருப்பா. இனிமே கோர்ட்டுக்கு வர வேணாம். நாள் பூரா போன் பக்கத்துல உக்காரு. யாராவது அப்பாவக் கேட்டா, அவர்தான் இவர்னு விளக்கிச் சொல்லி என்னப் பாக்க நேரம் குடு. ஒரு பார்ட்டி வந்துட்டா உனக்குப் பர்மனென்ட்."

அம்மா காபி எடுத்துவர உள்ளே போனார். நான் பையை எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடுகிற ஒரு பேருக்காக, செத்தவரை உயிரோடு இருப்பவராக நாள் முழுக்க விளக்கும் வேலை எனக்கு ஆகாது.

மடிவாளாவில் ஆனேக்கல் பஸ் கிடைத்தது. ஹெப்பகோடியில் இறங்கினேன். அங்கே லாரி ஆபீஸ் வாசலில் படுக்க யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். விடிந்ததும் பக்கத்து ஃபேக்டரி கேண்டீனில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கான்ட்ராக்டருடைய ஆள் ஒருவன் ஐடி கார்டு எழுதிக்கொண்டிருந்தான். பேர் கேட்டான். சொன்னேன். இனிஷியல் கேட்டான். சொன்னேன்.

"அது ஃபுல்லா என்ன?"

வாயைத் திறந்தேன். உள்ளே முதல் பந்திக்கு மணி அடித்துவிட்டது. என் பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். அப்பா பேரைச் சொன்னேன். அதை மேலே பெரிதாக எழுதி, என் பேரைக் கீழே பொடியாக எழுதினான்.

என் அப்பா எந்த வேலையிலும் ஒரு மாதம் தாண்டியவர் இல்லை. எங்கே இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் பேரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் சாம்பார் வாளியைத் தூக்கினேன். "ஏம்ப்பா, இங்க வா," என்று கார்டில் இருந்த பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். நான் போனேன்.