புத்தகத்தில் வள்ளமே இல்லையே!

வைத்தியம் பார்க்கிறவருக்கு நோயாளியோடு மட்டும்தான் மல்லுக்கட்டு. வைத்தியத்தைப் புத்தகமாக எழுதிவிட்டவருக்கு, அதைப் படித்துவிட்டு வருகிற நோயாளியோடு மல்லுக்கட்டு.

தூத்துக்குடியில் இருபது வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். பொது மருத்துவம்தான், ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். ஒவ்வொருவரிடமும் பாதத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சொல்லித் தொண்டைத்தண்ணி வற்றிப்போய், ‘கால் பத்திரம்’ என்று ஒரு புத்தகம் எழுதினேன். நூற்று இருபது பக்கம், படங்களோடு. இனிமேல் வாயைத் திறக்க வேண்டாம், புத்தகத்தை நீட்டினால் போதும் என்று நம்பினேன். ஊருக்கு நல்லது சொல்லப்போய் மாட்டிக்கொண்ட ஆசிரியர்களே, வக்கீல்களே, அக்கம்பக்கத்துக்கு யோசனை சொல்லும் அக்காமார்களே, நான் பட்ட பாட்டைப் படித்து ஆறுதலடையுங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் பெரியதாழை மிக்கேல் அண்ணாச்சியின் வலது கால் வரும். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், ஆனால் அந்தக் கால் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்திருக்கிறேன்.

அட்டைப்பட அம்மா

ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் பஸ் டிக்கெட்டுகளை அடையாளம் வைத்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலில் என்ன செய்கிறது என்று கேட்டேன். “பதினெட்டாம் பக்கம், ரெண்டாவது பத்தி” என்றார். எரிச்சல் உண்டா என்றேன். “இருவதாம் பக்கத்துல உள்ளது உண்டு, இருவத்தொண்ணுல உள்ளது இல்ல” என்றார். எந்தப் பக்கத்தில் எதை எழுதினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவர் பிரதியையே வாங்கிப் புரட்டிப் பார்த்துத்தான் அன்றைக்கு வைத்தியம் செய்தேன்.

கடைசியில் சோற்றைக் குறைக்கச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அது புத்தகத்தில் இல்லையே என்றார். புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, எழுதின நானே சொல்கிறேனே என்றேன். அவர் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டைப் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பதிப்பாளர் நல்ல படமாக ஒன்று கேட்டிருந்தார். என்னிடம் இருந்த ஒரே நல்ல படம், மேல்படிப்பு முடித்த வருடம் ஸ்டூடியோவில் எடுத்தது. மேஜையில் இருந்த என் பெயர்ப் பலகையைக் காட்டினேன். அதற்கும் அவர் அசையவில்லை. “முத்துச்செல்விங்கது நம்ம பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு உள்ள பேருதானம்மா. நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்க, எதுக்கும் இந்த அம்மாட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன். எளவயசு, புதுப் படிப்பா இருக்கும்.”

சிஸ்டரின் மதிப்புரை

என் கிளினிக்கை நடத்துவது நான் அல்ல, சிஸ்டர் ஜெபமணி. நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். சிஸ்டருக்குத் தரைதான் உயிர். ஒரு நாளைக்கு மூன்று தடவை பினாயில் விட்டுத் துடைப்பார். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று வாசலில் சிவப்பு எழுத்தில் தொங்கும் பலகை அவர் எழுதி மாட்டியது. அதை மீறி உள்ளே வந்தவர் யாரும் இதுவரை டாக்டரைப் பார்த்ததில்லை.

புத்தகம் வெளிவந்த வாரம் சிஸ்டருக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுத்தேன். பத்து நாள் கழித்து, நோயாளிகளைப் படுக்கவைத்துப் பார்க்கும் கட்டில் ஆடாமல் நிற்பதைக் கவனித்தேன். அது வருடக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த கட்டில். குனிந்து பார்த்தால், குட்டையான காலுக்கு அடியில் என் கையெழுத்துப் பிரதி. “படிக்கச் சொல்லித்தானே கொடுத்தேன்?” என்று சத்தம் போட்டேன். சிஸ்டர் மாப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை. “நீங்கதான தலப்புலயே கால் பத்திரம்னு போட்டிருக்கீய. கட்டில் காலும் காலுதானம்மா.”

கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு

மிக்கேல் அண்ணாச்சிக்கு வயது அறுபத்திரண்டு. சொந்த வள்ளம், இன்னமும் தானே கடலுக்குப் போகிறார். பதினைந்து வருடச் சர்க்கரையில் உள்ளங்கால் மரத்துவிட்டது. முதல் தடவை வந்தபோது வலது பாதத்தில் இருந்த புண்ணுக்குள்ளிருந்து விரல்நகம் அளவு சிப்பிச் சில்லு ஒன்றை எடுத்தேன். அது உள்ளே போய் நாலு நாளாவது ஆகியிருக்கும், அவருக்குத் தெரியவே இல்லை. “நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்காம உள்ள குடியிருந்திருக்கானே!” என்று சில்லைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிச் சின்னதாக ஆரம்பித்துக் காலையே எடுக்கும்படி ஆனவர்களை நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தைக் கொடுத்து, ‘செருப்பில்லாமல் ஓர் அடிகூட நடக்காதீர்கள்’ என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். புத்தகத்தை இரண்டு தடவை படித்திருந்தார். வீட்டுக்குள், தெருவில், கோயிலுக்குப் போகிற வழியில் எல்லாம் செருப்பு போடுகிறாராம். வள்ளத்தில்? தலையை ஆட்டினார். பங்குச் சாமியார் மந்திரித்த வள்ளம், முகப்பில் மாதா படம், சோறு போடுகிற இடம். செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் யாரும் ஏறுவார்களாம். தூண்டில்முள்ளும் மீன்முள்ளும் சிப்பியும் அங்கேதானே கிடக்கின்றன என்று கத்தினேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “புஸ்தகம் நல்லாத்தான் இருக்கு. தெரு இருக்கு, வயக்காடு இருக்கு, குளிக்க எடங்கூட இருக்கு. வள்ளமே இல்லியே டாக்டரம்மா? கடக்கரையில இருந்துக்கிட்டு எழுதிருக்கீய!”

பின்னால் வருகிற லாரி

வள்ளத்தில் செருப்பு நடக்காது என்று தெரிந்ததும், நாற்பதாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், புண் இருந்தால் உடனே வர வேண்டும். அண்ணாச்சி இதற்குச் சம்மதித்தார். அவருக்கு முன்வயிறு கொஞ்சம் உண்டு, குனிந்தால் வயிறுதான் தெரியும். அதனால் மருமகனுடைய பைக்கிலிருந்து ஒரு பக்கக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். நீளமான கம்பியோடு இருப்பதால் ரொம்ப வசதி என்று போனில் சொன்னார். நானும் பிரமாதம் அண்ணாச்சி என்று பாராட்டினேன். அந்தப் பாராட்டைப் பற்றிப் பின்னால் வருத்தப்பட்டேன்.

கிழிந்த வலையைப் பொத்துகிற கொட்டகையில் அண்ணாச்சி உட்கார்ந்து காலைப் பார்ப்பதைக் கண்டு மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். சர்க்கரை இல்லாதவர்கள்கூடப் பார்த்தார்கள். அந்த மாதத்தில் பெரியதாழையில் இரண்டு கண்ணாடியும் உள்ள பைக்கே கிடையாது என்று கேள்விப்பட்டேன். பிறகு அண்ணாச்சியின் மருமகன் எனக்குப் போன் செய்தார். “டாக்டரம்மா, ரோட்டுல போனா பின்னால லாரி வாரது தெரிய மாட்டேங்கு, மாமா காலு மட்டும் ஊருக்கே தெரியுது. கண்ணாடியக் கடையில வாங்கணும்னு புஸ்தகத்துல ஒரு வரி சேத்துப் போடுங்க.”

தடை செய்யப்படாத இனிப்பு

நடுவில் வேறொரு வம்பு. மைதாவில் செய்த பலகாரங்களைத் தவிர்க்கவும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தேன். ஒருநாள் சிஸ்டர் ஜெபமணி ஒரு மக்ரூன் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். எங்கள் ஊரில் மக்ரூன் வாங்காமல் யாரும் ரயில் ஏறுவதில்லை, அதனால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டுதான் அதிசயம். ‘டாக்டர் முத்துச்செல்வி புத்தகத்தில் தடை செய்யப்படாத இனிப்பு’ என்று அச்சடித்திருந்தது.

நேரே பேக்கரிக்குப் போனேன். உரிமையாளர் எனக்கு நாற்காலி போட்டு, தன் பிரதியை எடுத்து வைத்தார். அதிலும் பஸ் டிக்கெட்டுகள். என் வாசகர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள் போல. சீட்டைக் கிழித்துப் போடாவிட்டால் நடப்பதே வேறு என்றேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “மைதா இதுல ஒரு துளி கெடையாது. முட்டை வெள்ளக்கரு நல்லதுன்னு முப்பத்தொண்ணாம் பக்கம் சொல்லிருக்கீங்க, முந்திரி அளவா நல்லதுன்னு முப்பத்திரெண்டாம் பக்கம். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் சீனி போட்டதுதான் டாக்டர் எங்க வேல.”

சிவப்பு எழுத்து

மிக்கேல் அண்ணாச்சி மறுபடி வந்தபோது நொண்டிக்கொண்டு வந்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அதே வலது பாதம், எலும்பைத் தொடும் ஆழத்தில் புண். தினமும் பார்க்கச் சொன்னேனே என்றேன். தினமும்தான் பார்த்தாராம். “கண்ணாடியில மொளகு அளவுக்குத்தான் தெரிஞ்சிச்சு.” பைக் கண்ணாடியில் எதுவுமே சின்னதாகத்தான் தெரியும். அதை நான் யோசிக்கவே இல்லை, பிரமாதம் என்று வேறு சொல்லியிருந்தேன்.

பயத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கால் வேண்டுமா, வள்ளத்துக்கு மரியாதை வேண்டுமா?” என்று கத்தினேன். அண்ணாச்சி கதவைக் கைகாட்டினார். வாசலில் சிவப்பு எழுத்துப் பலகை. அதற்குக் கீழே செருப்புக் குவியல். உள்ளே ஏழு சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் மேஜைக்கு அடியில் என்னுடைய கால்கள் மட்டும் செருப்பு போட்டிருந்தன. இருபது வருடமாக அந்தப் பலகையைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறேன், இது என் மண்டையில் உறைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. அண்ணாச்சி குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்: “ஒங்க ரூமு சுத்தம்னு நீங்க செருப்ப வெளிய விடச் சொல்லுதீய. எங்க வள்ளம் சுத்தம்னு நாங்க கரையில விடுதோம். மொதல்ல நீங்க போர்ட எடுங்க, பொறவு நான் யோசிக்கேன்.”

ஒன்பதாம் நம்பர்

பலகையை எடுக்கப் போகிறேன் என்றதும் சிஸ்டர் ஜெபமணி ராஜினாமா செய்வதாகச் சொன்னார். ரோட்டுச் சகதி அவர் தரையில் படக்கூடாது. இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு உடன்பாடு ஏற்பட்டது. பின்பட்டை வைத்த மெத்தென்ற செருப்பு பன்னிரண்டு சோடி வாங்கினோம். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தன் செருப்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும். இது ரோட்டைத் தொடவே கூடாது. சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் பெயின்ட்டில் நம்பர் போட்டார்.

மிக்கேல் அண்ணாச்சி இரண்டு மாதம் கடலுக்குப் போகாமல், விடாமல் வந்து கட்டு மாற்றிக்கொண்டார். புண் மூடிவிட்டது. மூடிய அன்றைக்குத்தான் எனக்குப் பயம் கூடியது. நாளைக்கு மறுபடி வெறுங்காலோடு வள்ளத்தில் ஏறுவார், இன்னொரு தடவை இந்தக் கால் தாங்காது. அன்று சாயங்காலமே ஒன்பதாம் நம்பர் சோடி காணாமல் போயிற்று. சிஸ்டர் ஏரல் அண்ணாச்சியைச் சந்தேகப்பட்டார். புத்தகத்தில் எந்தப் பக்கத்திலோ எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கும் என்பது சிஸ்டருடைய வாதம். அதற்குப் பிறகு மிக்கேல் அண்ணாச்சியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மருமகனைக் கேட்டால், மாமா கடலில் இருக்கிறார் என்று ஒரே பதில். நான் தினமும் கெட்ட செய்தியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து நேராக நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டினார். தழும்பைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு கீறல்கூட இல்லை. பையிலிருந்து வெள்ளைத் துண்டு சுற்றிய பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஒன்பதாம் நம்பர். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய், சாமியாரிடம் தீர்த்தம் தெளிக்கச் சொல்லி, அப்படியே வள்ளத்துக்குள் வைத்துவிட்டாராம். மண்ணில் அது ஒரு தடவைகூடப் படவில்லை. சிஸ்டரம்மாவே தன் தரையில் நடக்கவிட்ட செருப்பு, வள்ளத்துக்கு ஆகாதா என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பிக்கொண்டேன். சிஸ்டர் ஜெபமணி களவுபோன சோடியைக் கையில் வாங்கி, அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணாச்சியிடமே நீட்டினார். “சுத்தமாத்தான் வச்சிருக்கீய அண்ணாச்சி, கொற சொல்ல முடியாது. ஆனா திருப்பித் தர வேண்டாம், மீன் வாட அடிக்கி.”

ஆக, நான் நூற்று இருபது பக்கம் எழுதியும் காப்பாற்ற முடியாத காலைக் களவுபோன ஒரு சோடி செருப்பு காப்பாற்றிவிட்டதால், அடுத்த பதிப்பின் பின்னட்டையில் என் இளவயதுப் படத்தை எடுத்துவிட்டு அந்த ஒன்பதாம் நம்பரின் படத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன்.